சாவி, பூசணி, கம்பளி, ஏணி, மூக்குத்தி

கருங்குழி தேவசகாயத்தின் மூத்த மகள் ஜெசிந்தா 1966ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிறந்தாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் களை பறித்தவர்கள். மகள் செங்கல்பட்டில் மூன்று ஆண்டு நர்சிங் படித்தாள். 1990 ஜனவரி எட்டாம் தேதி, திங்கட்கிழமை, மறைமலைநகரில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

முதலுதவி என்றால் வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போடுவதும் தலைவலிக்கு மாத்திரை கொடுப்பதும்தான் என்று நினைத்துப் போனவளுக்கு, அறை மூலையில் கண்ணாடி பதித்த ஒரு மரக்கூண்டைக் காட்டினார்கள். காது சோதிக்கிற கூண்டு அது. ஆளை உள்ளே உட்காரவைத்து ஹெட்ஃபோன் மாட்டி, வெளியிலிருந்து மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டும். கேட்டால் அவர் கையிலிருக்கும் பொத்தானை அழுத்துவார். எவ்வளவு மெல்லிய சத்தம்வரை கேட்டது என்று கட்டம் போட்ட தாளில் புள்ளி வைக்க வேண்டும். தேவசகாயம் ஊரில் பெருமையாக, மகள் காது பார்க்கும் வேலையில் இருப்பதாகச் சொல்லிவைக்க, பிள்ளைக்குக் காது குத்த வர முடியுமா என்று இரண்டு வீடுகளிலிருந்து ஆள் வந்துவிட்டது.

சேர்ந்த முதல் ஆண்டிலேயே ஜெசிந்தா ஒரு விதி வைத்துக்கொண்டாள். புதிதாக எடுத்த ஆள் பிரஸ் ஷாப்பின் இரைச்சலுக்குள் காலடி வைப்பதற்கு முன்னால் கூண்டில் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும். மேற்பார்வையாளர்கள் முணுமுணுத்தார்கள். ஆளை எடுத்தது தகடு அடிக்கவா, பீப் சத்தம் கேட்கவா என்று கேட்டார்கள். அவள் சொல்வது ஒன்றுதான்: நன்றாக இருக்கும்போதே அளந்து வைத்தால்தான், கெட்டுப்போகும்போது எவ்வளவு கெட்டது என்று தெரியும்.

காசிநாதன் விஷயத்தில் அது பலித்தது. 1991இல் சேர்ந்த பிரஸ் ஆபரேட்டர் அவர். 1996 சோதனையில் அவருடைய இடது காது, உயர்ந்த சுருதிச் சத்தங்களில் முப்பது டெசிபல் இறங்கியிருந்தது. தனக்கு எல்லாம் கேட்கிறது என்று அடித்துப் பேசினார். ஜெசிந்தா எதிர்வாதம் செய்யவில்லை. 1991ஆம் ஆண்டுத் தாளையும் 1996ஆம் ஆண்டுத் தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். இரண்டு கோடுகளும் வலது பக்கம் போகப் போகப் பிரிந்து, ஒன்று பள்ளத்தில் இறங்கியது. காசிநாதனை இரைச்சல் இல்லாத ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். இரண்டு மாதம் அவர் ஜெசிந்தாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். மூன்றாவது மாதம் ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கலோடு வந்தார்.

"வூட்டுல கொழந்த அழுதா, எந்தப் பக்கம்னே தெரியாம சுத்திகினு இருந்தேன் சிஸ்டர். இப்பத்தான் ஒத்துக்கறேன்" என்றார்.

அன்று முதல் அவளுடைய விதிகள் இரண்டாயின. நன்றாக இருக்கும்போது அள. என்றைக்கும் அதே அளவுகோலால் அள. ஆளுக்கு ஒரு சத்தம், ஆண்டுக்கு ஒரு சத்தம் என்று மாற்றினால் எதை எதோடு ஒப்பிடுவது? இந்த இரண்டாவது விதிதான் பதின்மூன்று ஆண்டு கழித்து அவள் காலை வாரிவிட்டது.

1997இல் அந்தத் தொழிற்சாலைக்குப் பாதுகாப்பு அதிகாரியாகச் சுப்புராமன் வந்தார். இளமையில் ஆறு ஆண்டு கல்கத்தாவில் வேலை பார்த்தபோது ரக்பி ஆடியவர். முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரணியின் கோட்டுக்கு ஓடுவதும், ஓடுகிறவனை இடுப்பில் பிடித்துச் சாய்ப்பதுமான ஆட்டம் அது. கழுத்தெலும்பு ஒருமுறை முறிந்து கூடியதில் சட்டைக்குள் இடது தோள் கொஞ்சம் தூக்கினாற்போல் இருக்கும். அந்தத் தோளோடு அவர் 1999இல் ஷிப்டு ஆட்கள் பதினோரு பேரைச் சேர்த்துக்கொண்டு மைதானம் தேடினார். விழுந்தால் வலிக்கக் கூடாது, ஓடினால் கால் புதையக் கூடாது. திருவிடந்தையில், சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கடலுக்கு இந்தப் பக்கம், அப்படி ஒரு திடல் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடியதால் பெயரும் ஞாயிறு அணி என்றே நின்றுவிட்டது.

ஜெசிந்தா 2001இல் முதலுதவிப் பெட்டியோடு போய்ச் சேர்ந்தாள். சுப்புராமன் கேட்டதால் ஒரு ஞாயிறு போனாள். பிறகு போகாத ஞாயிறு இல்லை. கூடுவாஞ்சேரி வீட்டிலிருந்து கணவர் ஜெபகுமாரின் டிவிஎஸ் வண்டியில் முப்பத்தொரு கிலோமீட்டர். ஜெபகுமார் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் கிளார்க்கு. முதல் இரண்டு ஞாயிறு சவுக்கு நிழலில் பேப்பர் படித்தார். மூன்றாவது ஞாயிறு, ஆட்டத்தை இரண்டு நிமிடம் முன்னதாக நிறுத்திவிட்டார்கள் என்று குறை சொன்னார். அன்றிலிருந்து நேரம் பார்க்கும் பொறுப்பு அவருடையது. ஆட்டக்காரர்களுக்கு அவர் அண்ணாத்த, அவள் சிஸ்டர்.

கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் முதலில் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். 2003இல் ஒரு நாள் பந்து உருண்டு போய் ஒரு வலைமேல் நின்றது. வலைக்காரன் கலைவாணன், அப்போது பதினெட்டு வயது, பந்தை எடுத்துத் திருப்பி எறியாமல் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினான். தொழிற்சாலைக்காரர்கள் மூன்று பேர் தொங்கியும் அவன் விழவில்லை. அடுத்த வாரம் தன்னோடு எட்டுப் பேரை அழைத்துவந்தான்.

அவர்கள் வந்தபிறகு அணிக்கு ஒரு வழக்கமும் வந்தது. ரக்பியில் இரண்டு அணியிலும் எட்டு எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துக் குனிந்து ஒருவரை ஒருவர் தள்ளுகிற கட்டம் உண்டு. 'ஸ்க்ரம்' என்பார்கள். படகைக் கடலில் இறக்குகிறவனுக்கு வாயால் பாடாமல் தோளால் தள்ள வராது. ஒருவன் சொல் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் இழுத்து முடிக்கும்போதுதான் எட்டுப் பேரின் பலமும் ஒரே நொடியில் விழும். ஞாயிறு அணி பாடிக்கொண்டே தள்ளியது. எடை கூடிய அணிகளைக்கூடப் பின்னால் நகர்த்தியது.

திடலுக்கு வரத் தொடங்கிய எட்டு ஆண்டுகளில் தலையில் அடிபட்ட நால்வரை ஜெசிந்தா பார்த்திருந்தாள். முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், எத்தனை விரல் என்று கேட்பார்கள், சரியாகச் சொன்னால் உள்ளே அனுப்புவார்கள். வைத்தியம் அவ்வளவுதான். 2008 செப்டம்பரில் கேப்டன் முனிசாமி அப்படித்தான் விரலை எண்ணிச் சொல்லிவிட்டு முழு ஆட்டமும் ஆடினார். வண்டியில் திரும்பும்போது, இன்றைக்கு யாரோடு ஆடினோம் என்று கேட்டார். தொழிற்சாலையில் அவர் வெல்டர். மூன்று வாரம் வெல்டிங் வெளிச்சம் பக்கமே அவரால் போக முடியவில்லை. தலைக்குள் நடந்ததை விரல் எண்ணிக்கை காட்டாது என்பது ஜெசிந்தாவுக்கு அப்போது உறைத்தது. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் ஆளே போய்விடலாம் என்று புத்தகத்திலும் படித்தாள்.

2009 ஜூனில் சுப்புராமன் இன்டர்நெட்டிலிருந்து ஓர் அட்டையை அச்செடுத்து வந்தார். அந்த ஆண்டுதான் வெளிநாட்டில் வெளியானது. ஆட்டக்காரன் நன்றாக இருக்கும்போதே அவனைச் சோதித்து எண்களை எழுதிவைக்க வேண்டும். ஐந்து சொல்லை மூன்று முறை சொல்லிக் காட்டி உடனே ஒப்பிக்கச் சொல்ல வேண்டும். சற்று நேரம் கழித்து, திரும்பச் சொல்லிக் காட்டாமல், மறுபடி கேட்க வேண்டும். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். கண்ணை மூடி மூன்று விதமாக நிற்க வேண்டும், ஒவ்வொன்றும் இருபது விநாடி. எத்தனை முறை தடுமாறினான் என்று எண்ண வேண்டும். பிறகு என்றைக்காவது அடிபட்டால் அதே சோதனை, அதே ஆளின் பழைய எண்களோடு ஒப்பீடு.

அட்டையைப் படித்த ஜெசிந்தாவுக்குச் சொந்த ஊருக்குப் போன மாதிரி இருந்தது. கூண்டு இல்லை, மற்றதெல்லாம் அதேதான். சொற்களை அவளே தமிழில் தேர்ந்தெடுத்தாள். சாவி, பூசணி, கம்பளி, ஏணி, மூக்குத்தி. ஒன்றுக்கு ஒன்று தொடர்பு இருக்கக் கூடாது என்று இரண்டு மாலை உட்கார்ந்து யோசித்த பட்டியல். அட்டையில் மாற்றுப் பட்டியல்களும் கொடுத்திருந்தார்கள். அவற்றைப் பென்சிலால் அடித்துவிட்டாள். ஒருவனுக்குச் சாவி, இன்னொருவனுக்கு வேறொன்று என்றால் அது என்ன அளவு?

ஜூன் 21, ஞாயிறு, பதினோரு பேரைச் சோதித்தாள். கலைவாணன் மூன்றாவது ஆள். சொல்லில் அவன் சுமார். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டதற்குச் சாவியும் ஏணியும் மட்டும் வந்தன.

"இன்னா சிஸ்டர், பூட்டு சாவின்னுகினு. மீன் பேரா சொல்லு, அம்பதும் சொல்றேன்" என்றான்.

ஐந்துக்கு இரண்டு என்று எழுதிக்கொண்டாள். மாதங்களை ஆங்கிலத்தில் கேட்டால் திணறினான். தமிழில் பங்குனியிலிருந்து சித்திரைவரை தடையில்லாமல் இறங்கினான். அதையும் குறித்தாள். ஆனால் நிற்பதில் அவனை அடிக்க ஆளில்லை. கண்ணை மூடி ஒற்றைக் காலில் இருபது விநாடி, நட்டுவைத்த கழி போல. தடுமாற்றம் பூஜ்யம். இருபத்துமூன்று பேரில் பூஜ்யம் வாங்கியவன் அவன் ஒருவன்தான். ஆசைப்பட்டு நின்று பார்த்த சுப்புராமனுக்கு ஒன்பது. ஆடுகிற படகில் நின்று வலை இழுக்கிறவனோடு தரையில் நிற்கிறவன் போட்டி போடலாமா என்று முனிசாமி அவரைத் தேற்றினார்.

மீதிப் பன்னிரண்டு பேரை ஜூன் 28 அன்று சோதித்தாள். அவர்களில் ஒன்பது பேர் ஐந்துக்கு ஐந்து. முந்தைய வாரம் அப்படி வாங்கியவர் ஒருவர்தான். அவளுக்கு வியப்பாக இருந்தது. காரணம் இல்லாமல் எந்த எண்ணும் மாறாது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் ஒரு காரணமும் எழுதினாள். 'இன்று கடற்காற்று நன்றாக இருந்தது.'

நடந்தது வேறு. பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளைகள் போல, ஜூன் 21 அன்றே அவர்கள் தோப்பில் உட்கார்ந்து யாருக்கு எது விட்டுப்போயிற்று என்று பேசித் தீர்த்துவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே சொற்கள் என்று தெரிந்ததும் சிரிப்பு. ஜூலை முதல் ஞாயிறு ஸ்க்ரமில் பழைய படகுப்பாட்டு போய்ப் புதிய பாட்டு வந்திருந்தது. முன்வரிசை "சாவி" என்று எடுக்க, மற்றவர்கள் பூசணி, கம்பளி, ஏணி என்று ஏறி, மூக்குத்தியில் மொத்தமாகத் தள்ளினார்கள். ஓர் ஆட்டத்தில் எதிரணிக் கேப்டன் நடுவரிடம் போய், தங்களைப் பெண்களோடு ஒப்பிட்டு மூக்குத்தி என்று ஏளனம் செய்கிறார்கள் என்று புகார் கொடுத்தான். ஜெசிந்தா அன்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தான் தேர்ந்தெடுத்த சொற்கள் அணியின் பாட்டாகிவிட்டதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமையையும் நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதிவைத்தாள். அதன் பொருள் மட்டும் ஐந்து மாதம் அவளுக்கு எட்டவில்லை.

டிசம்பர் 13, ஞாயிறு. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் ஆறு அணிகள் ஆடும் ஒருநாள் போட்டி. ஞாயிறு அணி பத்தாண்டில் ஒருமுறையும் இறுதி ஆட்டத்துக்குப் போனதில்லை. காலை பத்தரைக்கு அரையிறுதி. முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது, கலைவாணன் ஓடுகிறவனைச் சாய்க்கக் குனிந்தான். ஓடியவனுடைய முழங்கால் இவனுடைய இடது நெற்றிப்பொட்டில் பட்டது. கலைவாணன் மல்லாந்து கிடந்தான். எட்டு விநாடி அசைவில்லை என்று ஜெபகுமாரின் கடிகாரம் சொன்னது. பிறகு எழுந்து உட்கார்ந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்தான். அவனை வெளியே எடுத்து வேறு ஆளை இறக்கினார்கள். ஆட்டம் 12–10இல் ஞாயிறு அணிக்கே வந்தது. இறுதி ஆட்டம் மாலை நான்கு மணிக்கு.

சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் பெஞ்சு போட்டு ஜெசிந்தா அவனைச் சோதித்தாள். அணி முழுவதும் சுற்றி நின்றது. கலைவாணன் இல்லாத ஸ்க்ரம் இறுதி ஆட்டத்தில் நிற்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் அவள் வாயையும் அவன் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவள் ஐந்து சொற்களைச் சொன்னாள். அவன் ஐந்தையும் வரிசை மாறாமல் திருப்பிச் சொன்னான். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டாள். மறுபடி ஐந்தும். முனிசாமி கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். யாரோ கலைவாணனுக்குத் தண்ணீர் பாட்டிலும் பூட்ஸும் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஜெசிந்தா எழுதுவதற்காக அவன் பக்கத்தைத் திறந்தாள். இடது பத்தியில் ஜூன் 21. ஐந்துக்கு இரண்டு. வலது பத்தியில் 5 என்று எழுதப் பேனா இறங்கி, அங்கேயே நின்றது.

"எழுதுங்க ஜெசிந்தா. அஞ்சுக்கு அஞ்சு. அப்புறம் என்ன?" என்றார் சுப்புராமன்.

"சார், இவனுக்கு அஞ்சு வராது."

"அடி பட்டதுல அறிவு வந்துச்சின்னு வெச்சிக்கோ சிஸ்டர்" என்றான் ஒருவன். சிரித்தார்கள். கலைவாணனும் சிரித்தான், ஆனால் மற்றவர்கள் சிரித்து முடித்தபிறகுதான் அவன் சிரிக்கத் தொடங்கினான். அதை ஜெசிந்தா பார்த்துவிட்டாள்.

அவள் சுப்புராமனைத் தனியாக அழைக்கவில்லை. எல்லோர் காதிலும் விழும்படியே கேட்டாள். "சார், ஒர்த்தரு போன வருஷம் கேக்காத சத்தமெல்லாம் இந்த வருஷம் கேக்குதுன்னு பொத்தான் அழுத்தினா, நாம இன்னா எழுதுவோம்?"

சுப்புராமன் யோசிக்காமல் பதில் சொன்னார். "மெஷின் கெட்டுப்போச்சுன்னு."

"கெட்டுத்தான் போச்சு. நான்தான் கெடுத்தேன். அஞ்சு மாசமா இவங்க பாடிகினு கீறதை நான் கேட்டுகினு இருந்தேன்."

சுப்புராமனின் முகம் மாறியது. மற்றவர்களுக்குப் புரிய இன்னும் ஒரு நிமிடம் ஆயிற்று. ஜெசிந்தா அதற்குள் கலைவாணன் எதிரே குந்தி உட்கார்ந்து, புதிதாக ஐந்து சொற்களை மெதுவாக, மூன்று முறை சொன்னாள். குடை, தவளை, மஞ்சள், நாற்காலி, பாலம். இப்போது சொல்லு என்றாள்.

கலைவாணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். முகத்தில் பாடம் படித்த பிள்ளையின் தெளிவு.

"சாவி, பூசணி, கம்பளி, ஏணி, மூக்குத்தி" என்றான்.

யாரும் கைதட்டவில்லை. சரியாகச் சொல்லிவிட்டேனே, ஏன் இப்படிப் பார்க்கிறார்கள் என்று அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவனைக் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். ஜெபகுமார் பக்கத்தில் கடிகாரத்தோடு நின்றார். மூன்றாவது விநாடியில் கலைவாணன் அவர் தோளில் சாய்ந்தான். மறுபடி நின்றான், மறுபடி சாய்ந்தான். படகில் நிற்கிறவனின் கால் தரையில் நிற்க மறுத்தது.

ஜெசிந்தா நோட்டை மூடினாள். அவன் ஆடக் கூடாது என்றாள். கடலுக்கும் போகக் கூடாது, தான் சொல்லும்வரை.

"அஞ்சும் சொன்னேனே சிஸ்டர். அதுக்கு மேல இன்னா வோணும் உனக்கு?" என்று கேட்டான் கலைவாணன். கோபமாகத் தொடங்கிய கேள்வி, முடியும்போது அழுகையாகிவிட்டது. இறுதி ஆட்டம் இனி எப்போது வருமோ என்று முனிசாமிக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் அவர் முன்னால் வந்து பூட்ஸை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"போன வருஷம் நானும் வெரலை கரீக்டா எண்ணிட்டுத்தான்டா உள்ள போனேன். மூணு வாரம் வூட்டு லைட்டைக்கூட பாக்க முடியல. குந்து" என்றார்.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டத்துக்குப் பிறகு போகலாம் என்று ஒருவர் சொன்னார். ஜெசிந்தா அதற்கும் ஒப்பவில்லை. பதினொன்றே முக்காலுக்கு வேன் பிடித்தார்கள். வழியில் கலைவாணன் ஜெபகுமாரிடம் நான்கு முறை ஸ்கோர் கேட்டான். நான்கு முறையும் ஜெபகுமார் புதிதாகக் கேட்பவருக்குச் சொல்வது போலவே, பன்னிரண்டுக்குப் பத்து, நாம் ஜெயித்தோம் என்று சொன்னார். டிக்கெட் ஜன்னலில் இருபது ஆண்டு உட்கார்ந்தவருக்கு அது பழக்கம்தான். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. ஓய்வு, வெளிச்சமும் சத்தமும் குறைந்த இடம், குறைந்தது பத்து நாள் என்றார் டாக்டர். இறுதி ஆட்டத்தில் ஞாயிறு அணி 7–19இல் தோற்ற செய்தி மாலை ஐந்தேகாலுக்கு வந்தது. கலைவாணன் இல்லாமலே ஏழு எடுத்தார்களா என்றுதான் ஜெசிந்தா கேட்டாள்.

அடுத்த நாளிலிருந்து பொறுப்பு கலைவாணனின் தாய் வேண்டாவுடையது. கோவளம் சாலையில் மீன் விற்கும் வேண்டாவுக்கு அட்டையும் தெரியாது, பட்டியலும் தெரியாது. பையனுடைய கால் நிற்கவில்லை என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. படகு எஞ்சினை இழுத்து ஓடவிடும் கயிற்றைக் கழற்றித் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டாள். மீன் கூடையோடு போகும்போதும் அது இடுப்பிலேயே இருந்தது. டிசம்பர் 20 அன்று ஜெசிந்தா வீட்டுக்கே போய்ப் பார்த்தாள். தலைவலி இருந்தது. வெயில் கண்ணைக் கூசியது. தடுமாற்றம் நான்கு. கயிறு இடுப்பிலேயே இருக்கட்டும் என்று வேண்டாவிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த வாரம் அவள் கூடுவாஞ்சேரி வீட்டில் உட்கார்ந்து ஆறு புதிய பட்டியல்கள் எழுதினாள். ஒவ்வொன்றையும் ஓர் உறையில் போட்டு ஒட்டினாள். எந்த ஆளுக்கு எந்த நாள் எந்த உறை என்பதை வேறொரு நோட்டில் குறித்து, அந்த நோட்டை ஜெபகுமாரிடம் கொடுத்துவிட்டாள். பிறகு ஜூன் மாதப் பக்கங்களுக்குப் போனாள். பிற்பாடு உண்மை தெரிந்தது என்பதற்காகப் பழைய எண்ணைத் திருத்துகிற வழக்கம் அவளுக்கு இல்லை. எண்களை அப்படியே விட்டாள். ஜூன் 28ஆம் தேதிப் பக்கத்தின் கீழே இருந்த கடற்காற்று வரியை மட்டும் ஒற்றைக் கோட்டால், படிக்கும்படியாகவே அடித்து, பக்கத்தில் எழுதினாள்: 'காற்று அல்ல. சொற்கள் முன்பே தெரியும். என் தவறு. ஜெ.' கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அது. அடித்து முடித்ததும் மனசு லேசாகி, கேக்குக்கு முந்திரி உடைக்கப் போனாள்.

டிசம்பர் 27, ஞாயிறு, திடலுக்கு அணி வந்தது. முந்தின நாள் சுனாமி நினைவு நாள், அன்று கரையிலிருந்து ஒரு படகும் இறங்கவில்லை. மணலில் வைத்த பூக்கள் இன்னும் கிடந்தன. பதினான்கு நாளுக்குப் பிறகு கலைவாணன் தோப்பைத் தாண்டி நடந்து வந்தான். பின்னாலேயே வேண்டா, இடுப்பில் கயிறோடு. தலைவலி நின்று ஐந்து நாளாயிற்று என்றாள் அவள், அவன் பதில் சொல்வதற்கு முன்னால்.

ஜெசிந்தா தோப்புக்குள் அவனைத் தனியாக உட்காரவைத்தாள். ஜெபகுமார் நோட்டைப் பார்த்து நான்காம் உறை என்றார். அதைப் பிரித்து ஐந்து சொற்களையும் மூன்று முறை படித்துக் காட்டினாள். மாதங்கள் கேட்டாள். பங்குனியிலிருந்து சித்திரைக்குத் தடையில்லாமல் இறங்கினான். நிற்கச் சொன்னாள். கண்ணை மூடினான், இடது காலில் நின்றான். கடலைப் பார்த்து வீசிய காற்றில் சட்டை மட்டும் ஆடியது. ஜெபகுமார் இருபது என்றார். தடுமாற்றம் பூஜ்யம்.

கடைசியாக அந்த ஐந்து சொற்களைத் திரும்பக் கேட்டாள். கலைவாணன் தலையைச் சொறிந்தான். கடலைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான், அவள் கண்ணாலேயே அதட்டினாள்.

"கிண்ணம்," என்றான். வெகுநேரம் கழித்து, "வண்ணாத்திப்பூச்சி." அதோடு சரி.

தன் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டான். "ஃபெயிலா சிஸ்டர்?"

ஜெசிந்தாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நோட்டை அவன் பக்கம் திருப்பி, இடது பத்தியிலும் வலது பத்தியிலும் விரல் வைத்துக் காட்டினாள். ஜூன் 21, ஐந்துக்கு இரண்டு. டிசம்பர் 27, ஐந்துக்கு இரண்டு.

"நீயேதான்டா" என்றாள். "வேற யாரும் இல்ல."

அவனுக்கு அது பாராட்டா திட்டா என்று பிடிபடவில்லை. மீன் பெயராக இருந்தால் ஐந்தும் சொல்லியிருப்பேன் என்று மறுபடி ஆரம்பித்தான். வேண்டாவுக்கு மட்டும் எல்லாம் விளங்கிவிட்டது. இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அவன் தோளில் போட்டாள். புதன்கிழமையிலிருந்து தன் அண்ணனோடு கடலுக்குப் போகலாம், தனியாகப் போகக் கூடாது என்றாள் ஜெசிந்தா. இன்று மெதுவாக ஓடலாம். மோதல், தள்ளல் எல்லாம் அடுத்த வாரம் பார்த்துவிட்டுத்தான். சொன்னதையெல்லாம் அவன் வாயாலேயே திருப்பிச் சொல்லவைத்தாள். அது முழுவதுமாக வந்தது.

திடலில் ஸ்க்ரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாட்டை இனி என்ன செய்வது என்று முனிசாமி வந்து கேட்டார். அணி அதை இரண்டு வாரமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தது. அந்த ஐந்து சொற்களாலும் இனி எந்தச் சோதனைக்கும் உதவி இல்லை, ஆகையால் தாராளமாகப் பாடலாம் என்றாள் ஜெசிந்தா. உறைக்குள் இருப்பதை மட்டும் பாடாதீர்கள்.

முனிசாமி குனிந்து தோள் கொடுத்துச் "சாவி" என்று எடுத்தார். கலைவாணன் கோட்டுக்கு வெளியே, தோளில் எஞ்சின் கயிறோடு, தள்ள அனுமதி இல்லாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பூசணி, கம்பளி, ஏணி என்று எட்டுப் பேர் ஏறி வந்தார்கள். மூக்குத்தியை அவன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னான்.